கதவு திறக்கப் போனவர்

"வுடுங்க்கா, கையை வுடுங்க்கா!"

அக்காளின் விரல்களைத் தன் மணிக்கட்டிலிருந்து பிய்த்து எடுத்துவிட்டு ஓடினாள் நந்திதா. இருட்டில் யாருடைய முழங்கையோ நெற்றியில் இடித்தது. ஒரு செருப்பை மிதித்தாள், ஒரு பையை மிதித்தாள், பிறகு மெத்தென்று எதையோ மிதித்தாள். குனிந்து பார்க்கவில்லை. தியேட்டருக்குள் கருகல் நாற்றம் பரவியிருந்தது. "குண்டு! குண்டு வெச்சுட்டாங்க!" என்று பின்னால் ஒரு ஆள் அலறிக்கொண்டிருந்தான். திரையில் அந்தப் பெரிய கப்பல் ஒரு பக்கமாகச் சரிந்துகொண்டிருந்தது. அதன் மேல்தளத்தில் ஓடியவர்களும் இங்கே நாற்காலிகளுக்கு நடுவே ஓடியவர்களும் ஒரே மாதிரிதான் கத்தினார்கள். படத்தை நிறுத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வந்து நின்று மூச்சு வாங்கியபோதுதான், தான் மட்டும் தனியாக வந்திருப்பது அவளுக்கு உறைத்தது.

குண்டு இல்லை. பால்கனிக்கு அடியில் ஒரு டியூப்லைட்டின் சோக்கு எரிந்து வெடித்திருந்தது, அவ்வளவுதான். வேறு வருஷமாக இருந்தால் விசிலடித்து ஆபரேட்டரைத் திட்டிவிட்டுப் படத்தைத் தொடர்ந்து பார்த்திருப்பார்கள். ஆனால் அது தொண்ணூற்றெட்டு ஏப்ரல். பிப்ரவரியில் கோயமுத்தூரே வெடித்துச் சிதறி இரண்டு மாதம்கூட முழுசாக ஆகவில்லை. பஸ்ஸில் யாராவது பையை மறந்து வைத்துவிட்டு இறங்கினால் மொத்த பஸ்ஸும் இறங்கி ஓடியது. தீபாவளிக்கு வாங்கி மிச்சம் வைத்திருந்த வெடியைக்கூட ஆட்கள் கிணற்றில் கொண்டுபோய்ப் போட்டார்கள். அப்படிப்பட்ட ஊரில், அப்படிப்பட்ட மாதத்தில், கப்பல் முங்குகிற படத்துக்குக் கூட்டம் மட்டும் குறையவே இல்லை.

நந்திதா அதற்கு முன்பே பள்ளிக்கூடத்துச் சிநேகிதிகளோடு இரண்டு முறை பார்த்திருந்தாள். இரண்டு முறையும் தாவணி நனைய அழுதிருந்தாள். கதாநாயகன் அவளை மிதக்கிற பலகையில் ஏற்றிவிட்டுத் தான் தண்ணீரில் நின்றுவிடுகிற கட்டம் வந்தால் அழுகை பொத்துக்கொண்டு வரும். அந்த அழுகைக்காகவே மறுபடி போகத் தோன்றும்.

அக்காள் பூங்கொடிக்கு மாசியில் உப்புச்சக்கரை மாற்றியிருந்தார்கள். கருமத்தம்பட்டியில் தறிக்குடோன் வைத்திருக்கும் மோகன்குமார்தான் மாப்பிள்ளை. இரண்டு வீட்டாரும் உப்பையும் சக்கரையையும் மாற்றிக்கொண்டால் பேச்சு முடிந்ததென்று அர்த்தம். அதற்கப்புறம் பின்வாங்குவது கௌரவக் குறைச்சல். வைகாசியில் கல்யாணம். அதற்குள் இருவரையும் அந்தப் படத்துக்கு அனுப்பிவிட வேண்டுமென்று ஒற்றைக் காலில் நின்றவள் நந்திதா.

"மாமா, அந்தப் படத்தைப் பாத்தாத்தானுங்க லவ்வுன்னா என்னன்னு தெரியும்."

"தறிச் சத்தத்துல லவ்வு எங்க அம்மணி காதுல வுளுவுது?" என்று சிரித்தார் மோகன்குமார். ஆனாலும் டிக்கெட் வாங்கிவிட்டார். கூட நந்திதாவும் போகவேண்டும் என்ற நிபந்தனையோடு அப்பா சம்மதித்தார்.

அன்றைக்குத் தியேட்டரில் சோக்கு வெடித்ததும் மூவரும் எழுந்து வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டார்கள். முன்வாசல் பக்கம் கூட்டம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்துகொண்டிருந்தது. பக்கவாட்டில் ஒரு கதவு. அதை உள்ளிருந்து கம்பி போட்டு அடைத்திருந்தார்கள். மோகன்குமார் குனிந்து நந்திதாவின் காதோரம் வாயை வைத்தார். தறி ஓடும்போது ஆட்கள் அப்படித்தான் பேசிக்கொள்வார்கள். கத்த மாட்டார்கள்; காதுக்குப் பக்கத்தில் வந்து, சொல்லை நறுக்கி நறுக்கிச் சொல்வார்கள்.

"அக்காளைப் புடிச்சுக்க. இங்கியே நில்லு. நான் கதவைத் தொறந்துபோட்டு வாரேன்."

ஒவ்வொரு சொல்லும் அவளுக்குக் கேட்டது.

அவர் நாற்காலிகளைத் தாண்டி இருட்டில் மறைந்தார். பூங்கொடி தங்கையின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம்தான் நின்றிருப்பார்கள். அதற்குள் யாரோ "அடுத்தது வெடிக்கப் போகுது" என்று கத்த, நந்திதாவின் உடம்பு அவளைக் கேட்காமலே ஓட ஆரம்பித்துவிட்டது.

நந்திதா திரும்பித் தேடிப் போனபோது பூங்கொடியை முன்வாசல் படியில் உட்கார வைத்திருந்தார்கள். கூட்டத்தில் மிதிபட்டுக் கணுக்கால் எலும்பு முறிந்து வீங்கியிருந்தது. பக்கக்கதவு வழியாக வெளியே வந்தவர்கள் எத்தனையோ பேர். கடைசியாக மோகன்குமார் சட்டை கிழிந்து, உள்ளங்கையில் ரத்தத்தோடு அவளைத் தேடிக்கொண்டு வந்தார்.

"எங்க போயிருந்தீங்க?" என்றாள் பூங்கொடி.

"கதவைத் தொறக்கப் போனேனுங்க."

"யாருக்கு?"

அவர் திரும்பி நந்திதாவைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

கணபதி ஏரியாவில் லேத் பட்டறையை ஒட்டிய பெண் வீட்டுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையும் அவருடைய அம்மா நாச்சியம்மாளும் வந்தார்கள். பூங்கொடி மாவுக்கட்டுக் காலை ஸ்டூலில் நீட்டியிருந்தாள். காபியை யாரும் தொடவில்லை.

"எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாமுங்கப்பா," என்றாள். "உசுருக்குன்னு ஒரு சமயம் வந்தப்ப, ஒரு சொல்லுச் சொல்லாம வுட்டுப்போட்டுப் போனாருங்க. அந்தப் படத்துல அவன்..."

"சினிமாவுல செத்தவன் மறுநாளே எந்திரிச்சுச் சம்பளம் வாங்கியிருப்பான் கண்ணு," என்றாள் நாச்சியம்மாள். "இவன் கையில எட்டுத் தையல். அதை யாரு படம் புடிக்கறாங்க?"

"அம்மா, சும்மா இருங்க," என்றார் மோகன்குமார். பிறகு பூங்கொடியிடம், "சொல்லாமப் போவலீங்க. நந்திதாகிட்டச் சொல்லிட்டுத்தான் போனேன்," என்றார்.

எல்லோரும் நந்திதாவைப் பார்த்தார்கள். அம்மா சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றாள்.

"சொன்னாரா அம்மணி?" என்றார் அப்பா வேலுமணி.

சொன்னார் என்றால் அடுத்த கேள்வி தானாக வரும். அப்புறம் நீ ஏன் நிற்கவில்லை? கை எப்படி விட்டுப்போனது? அக்காள் அவளைப் பற்றி ஒரு குறைகூடச் சொல்லியிருக்கவில்லை. "கூட்டத்துல அவ கை நழுவிருச்சுங்க. சின்னப்புள்ள, பாவம், அவ என்ன பண்ணுவா," என்றுதான் ஆஸ்பத்திரியில் எல்லோரிடமும் சொன்னாள்.

"எனக்குக் கேக்கலீங்க," என்றாள் நந்திதா.

நாச்சியம்மாள் பொங்கிவிட்டாள். "எட்டுத் தறி ஓடற குடோன்ல மூலையில நிக்கற ஆளுக்கு நூல் அந்துபோச்சுன்னு சொல்றவன் எம்பையன். அவன் காதுல சொன்னது கேக்காமப் போச்சா? ஏனுங்க சம்பந்தி, நீங்களே ரோசனை பண்ணிப் பாருங்க."

"அம்மா." மோகன்குமார் எழுந்து நின்றார். நந்திதாவை ஒரு தரம் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் அவள் தாங்கிக்கொண்டிருப்பாள். "தறிச் சத்தம் வேற, அது வேறம்மா. அந்தச் சத்தத்துல அவளுக்குக் கேட்டிருக்காதுங்க. என்ற தப்புத்தான், சொன்னது கேட்டுச்சான்னு பாத்துட்டுப் போயிருக்கோணும். நாங்க வாரோமுங்க."

உப்புச்சக்கரைப் பேச்சு அன்றைக்கே முறிந்தது. சைக்கிள் ஸ்டாண்டில் நின்றபோது வராத அழுகை, அவர்கள் வண்டி தெருமுனை திரும்பியபோது நந்திதாவுக்கு வந்தது. அம்மா, "அவளுக்கு என்னத்துக்கு இப்ப அழுகாச்சி?" என்றாள். பயந்திருக்கிறாள் என்று அப்பா சொன்னார்.

அதற்கப்புறம் அவளுக்குச் சரியாகச் சோறு இறங்கவில்லை. படுத்தால் அந்த இருட்டுத்தான் வந்தது. இரண்டு தடவை அந்தப் படம் பார்த்தபோதும் மனசுக்குள் அவள் கதாநாயகியாகத்தான் இருந்தாள். சில சமயம், தண்ணீரில் நிற்கிற அவனாகக்கூட இருந்தாள். பின்னால் இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடுகிறார்களே பேரில்லாத ஜனங்கள், அவர்களில் ஒருத்தியாகத் தான் இருப்பாள் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. சொல்லிவிடலாம் என்று தினமும் வாயெடுப்பாள். அக்காள் அவளைப் பார்த்துச் சிரிப்பாள். வாய் மூடிக்கொள்ளும். மோகன்குமாருக்குப் பல்லடத்துப் பக்கம் பெண் பார்ப்பதாக ஒரு பேச்சு வந்தது. இன்னும் முடியவில்லை என்றும் சொன்னார்கள்.

மாவுக்கட்டு வெட்டிய அன்று ஆட்டோவில் திரும்பும்போது அந்தத் தியேட்டரில் ஐம்பதாவது நாள் போஸ்டர் ஒட்டியிருந்தது. பூங்கொடி ஆட்டோவை நிறுத்தச் சொன்னாள்.

"வுட்ட எடத்துல இருந்து பாத்துப்போடலாம் வா."

"வேண்டாமுங்க்கா. ஊட்டுக்குப் போலாமுங்க."

"என்ன பயம்? எத்தனை பேரு போறாங்க பாரு."

போனார்கள். அன்றைக்கு விழுந்தடித்து ஓடிய அதே படியில் ஜனங்கள் முண்டியடித்து ஏறினார்கள். கையில் கட்டுப் போட்ட ஒரு ஆள்கூட இருந்தான். பக்கத்து சீட்டில் இரண்டு பெண்கள் கைக்குட்டையைத் தயாராக மடித்து வைத்திருந்தார்கள். "அஞ்சாவது தடவைங்க," என்றாள் ஒருத்தி பெருமையாக. "ஊட்டுல அழுதா ஏன் அழுவறேன்னு கேப்பாங்க. இங்க யாரு கேக்கறா?"

கப்பல் சரிய ஆரம்பித்தது. அன்றைக்குப் போலவே சத்தம் நாற்காலிக்கடியில் அதிர்ந்தது. இரும்பு கிழிந்தது, ஆட்கள் அலறினார்கள். பூங்கொடி அழவில்லை. திரையைப் பார்க்கவும் இல்லை. பக்கவாட்டில் இருந்த அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சாய்ந்து, தங்கையின் காதோரம் வாயைக் கொண்டுவந்து, கத்தாமல், ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள்.

"இப்ப நான் பேசறது உனக்குக் கேக்குதா கண்ணு?"