கொஞ்சம் சோம்பேறியான பட்டன்

1

இந்தக் கதை எனக்கு ஒரு விற்பனை விளம்பரத்திலிருந்து கிடைத்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் எங்கே சுட்டாய் என்று யாரும் என் சட்டையைப் பிடிக்கக் கூடாது. இணையத்தில் பழைய நாற்காலி தேடிக்கொண்டிருந்தேன். நாற்காலிகளுக்கு நடுவில் இது வந்து நின்றது:

“ஹிப்ஹாப் பீட் போட ஏற்ற பழைய சாம்ப்ளர், டிரம் மெஷினோடு சேர்ந்தது. ஒரே கை பழகியது. நல்ல நிலை. வலது ஓரப் பட்டன் மட்டும் கொஞ்சம் சோம்பேறி.”*

பொருள் விற்கிறவன் பழுதை மறைப்பான். மிஞ்சிப்போனால் ‘சிறு கோளாறு’ என்பான். பெற்ற பிள்ளையைத் திட்டுகிற மாதிரி சோம்பேறி என்று எழுதியிருக்கிறானே, இவனுக்கு விற்க மனசே இல்லை என்று எனக்குப் பட்டது. அந்த எண்ணுக்கு நான் போன் செய்யவில்லை. செய்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும். கதை கையை விட்டுப் போயிருக்கும்.

(* சாம்ப்ளர் என்றால் பழைய இசைத்தட்டிலிருந்து ஒரு துணுக்கை வெட்டி உள்ளே வைத்துக்கொண்டு, பட்டனைத் தட்டும்போதெல்லாம் அதைத் துப்புகிற பெட்டி. ரப்பர் சதுரங்களான அந்தப் பட்டன்களைத் தொழிலில் இருப்பவர்கள் ‘பேட்’ என்பார்கள். நீங்கள் கிரிக்கெட்டுக்குப் போய்விடுவீர்கள் என்பதால் நான் பட்டன் என்றே எழுதுகிறேன்.)

2

முதல் தொடக்கம்: “மழை ஓய்ந்த மாலை. மெஷின்மேல் படிந்திருந்த தூசியை அவன் மெதுவாக—”

வேண்டாம். தினமும் தட்டுகிற மெஷினில் ஏது தூசி?

இரண்டாவது தொடக்கம்: “இசை என்பது—”

இதுவும் வேண்டாம். இசை என்பது என்னவென்று தெரிந்திருந்தால் நான் ஏன் இப்படிக் கதை எழுதிக்கொண்டு கிடக்கிறேன்?

மூன்றாவது இருக்கட்டும்: அவனை எல்லோரும் லேட்டு என்றுதான் கூப்பிடுவார்கள்.

கூரியர் ஆபீசில் பார்சலை எடை போட்டு ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை அவனுக்கு. வேலைக்கு ஒருநாளும் லேட்டாகப் போனதில்லை. பெயர் வந்தது அவன் போடுகிற பீட்டால், அதாவது ராப்புக்கு அடியில் ஓடுகிற தாளத்தால். ‘டும்’ நேரத்துக்கு வந்துவிடும். ‘தக்’ மட்டும் ஒரு மயிரிழை பிந்தி வரும். இன்னும் ஒரு படி இருக்கிறதென்று நினைத்துக் காலை வைத்து, படி இல்லாமல் போனால் வயிற்றில் ஒன்று குலுங்குமே, கேட்கிறவனுக்கு அப்படி இருக்கும். ராப் பாடுகிற பையன்களுக்கு அந்தக் குலுக்கல் பிடித்துப்போயிற்று. “லேட்டண்ணன் பீட்டா? கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லிடலாம்” என்பார்கள். அந்த ஒரு வரியில்தான் மனுஷன் பதினைந்து வருஷமாக உயிரோடு இருந்தான்.

தாளத்தைத் தானாகவே நேராக்கிவிடுகிற வசதி அந்த மெஷினில் உண்டு. அவன் அதை எப்போதும் அணைத்தே வைத்திருந்தான். ‘தக்’ சத்தத்தை எப்போதும் வலது ஓரப் பட்டனிலேயே வைத்தான். ஆமாம், அந்தச் சோம்பேறியில்தான்.

(கெட்டிக்கார வாசகர்கள் இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள். கொஞ்சம் வாயை மூடிக்கொண்டிருங்கள், அவனுக்கு இன்னும் தெரியாது.)

3

ஏன் விற்கிறான்? இதற்கு நான் நாலு காரணம் யோசித்து மூன்றை அடித்துவிட்டேன். மிச்சம் இருப்பது அவனுடைய மச்சினன், மனைவியின் தம்பி. லேட்டு போட்ட பீட்டில் பாடித்தான் அவன் வளர்ந்தான். ஒருநாள் சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு சொன்னான்:

“மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. அடுத்த ஆல்பம் வேற ஆளோட பண்றேன். இப்ப எல்லாம் லேப்டாப்லயே முடிஞ்சிடுது. உங்க பீட்டு நடக்குது மாமா, எல்லாரும் ஓடுறாங்க.”

“ஓடட்டும்டா, நல்லா ஓடட்டும். குழம்பு ஊத்திக்கோ” என்றான் லேட்டு.

அன்றைக்கே விளம்பரத்தைப் போட்டுவிட்டான். அவமானம் தாங்கவில்லை, வேறொன்றும் இல்லை.

4

இப்போது மனைவி. இவளைப் பற்றி எனக்கே சந்தேகம் இருந்தது.

செல்போன், மிக்ஸி, டிவி எல்லாம் பழுது பார்க்கிற கடை வைத்திருக்கிறாள். முதல் வரைவில் இவளை மெஷினைக் கண்டாலே ஆகாதவளாக எழுதினேன். “சனியன் ஒழிஞ்சா சரி” என்று ஒரு வசனமும் கொடுத்தேன். சரிப்படவில்லை. கதைக்கு வில்லி வேண்டும் என்பதற்காக ஒரு பெண்ணின் வாயில் எதையாவது திணிப்பது சோம்பேறித்தனம். (பட்டனுக்கு மட்டும்தான் அந்த உரிமை.)

திருத்திய வரைவில் அவள் விளம்பரத்தைப் படிக்கிறாள். ‘சோம்பேறி’ என்ற இடத்தில் அவளுக்குச் சுருக்கென்று தைக்கிறது. பழுது பார்ப்பவளின் வீட்டிலிருந்து பழுதான பொருளா? அவன் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் மெஷினைக் கடைக்குத் தூக்கிப்போனாள். மூடியைக் கழற்றினாள். அந்தப் பட்டனுக்கு அடியில் அழுக்கேறித் தேய்ந்திருந்த தகட்டை எடுத்துவிட்டு, அளவாக வெட்டிய புதுத் தகட்டை வைத்தாள். தட்டினாள். தொட்டவுடன் சத்தம் வந்தது. அவளுக்கு அப்படியொரு சந்தோஷம். அவனிடம் சொல்லவில்லை. வாங்க வருகிறவர் முன்னால் அவனே கண்டுபிடித்து அசரட்டும் என்று இருந்தாள்.

அவள் செய்ததில் ஒரு குற்றமும் இல்லை. எனக்கு அவள்மேல் பிரியம்கூட வந்துவிட்டது, அதுதான் சிக்கல்.

5

வாங்க வந்தவர் ஒரு பல் டாக்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் பீட் போடுகிற பெண்மணி. ஹெல்மெட்டைக்கூட எங்கே வைப்பதென்று பார்க்காமல் நேரே மெஷின் முன்னால் போய் உட்கார்ந்தார்.

“அண்ணே, உங்க பீட்டெல்லாம் கேட்டிருக்கேன். விளம்பரத்துல சோம்பேறின்னு பாத்ததுமே புரிஞ்சுபோச்சு. உங்க பீட்டோட ரகசியம் இதுதானே? அந்தப் பட்டனுக்காகத்தான் வந்தேன்.”

லேட்டு சிரித்தான். அவருக்கு அது பாராட்டு. இவனுக்கு உள்ளே எங்கோ ஒரு ஆணி இறங்கியது.

அவர் வலது ஓரத்தைத் தட்டினார். தக். மறுபடியும் தட்டினார். தக், தக். முகம் மாறிவிட்டது.

“இது நேரா வருதே.”

“நான்தான் சரி பண்ணேன்!” என்றாள் மனைவி, உள்ளேயிருந்து தண்ணீர்ச் செம்போடு வந்துகொண்டே. “இப்ப பதினாறு பட்டனும் புதுசு மாதிரி.”

யாரும் அசரவில்லை. டாக்டர் மெல்லக் கேட்டார்: “திரும்பப் பழையபடி வைக்க முடியுமா?”

“எனக்குப் பழுது பாக்கத்தாங்க தெரியும். பழுது வைக்கத் தெரியாது. பழைய தகடும் குப்பையில போயிடுச்சு.” சொல்லிவிட்டுக் கணவனைப் பார்த்தாள். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. “என்னங்க, என்ன ஆச்சு? நான் ஏதாச்சும்…”

“உன் மேல ஒண்ணும் இல்ல” என்றான். “அப்போ இத்தனை வருஷம் வாசிச்சது யாரு? நானா, இதுவா?”

6

முடிவு (அ): அவன் தட்டுகிறான். ‘தக்’ பிந்தியே விழுகிறது. விரல்தான். டாக்டர் எழுந்துகொள்கிறார்: “அப்போ மெஷினை வெச்சு நான் என்ன பண்றது? உங்க விரலைக் கழட்டித் தருவீங்களா?” விற்பனை நடக்கவில்லை. எல்லோரும் சிரிக்கிறார்கள்.

முடிவு (ஆ): அவன் தட்டுகிறான். ‘தக்’ நூல் பிடித்த மாதிரி நேராக விழுகிறது. மெஷினை வாங்காமலே டாக்டர் போகிறார். பதினைந்து வருஷம் பட்டன் வாங்க வேண்டிய பெயரைத் தான் வாங்கிக்கொண்டோம் என்று தெரிந்த பிறகு, மறுநாள் காலையில் அவன் பார்சல்களுக்கு ஸ்டிக்கர்—

முடியவில்லை. இதை எழுத எனக்குக் கை வரவில்லை.

(அ)-வையும் என்னால் எழுத முடியாது. எழுதினால் அது நான் போட்ட பிச்சை. அவன் விரல் பிந்த வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை. எனக்கு இது ஒரு வாக்கியம்தான், பேனாவை இந்தப் பக்கம் திருப்பினாலும் ஆயிற்று, அந்தப் பக்கம் திருப்பினாலும் ஆயிற்று. அவனுக்கு அப்படியா?

அறையில் நடப்பதை மட்டும் சொல்கிறேன். டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்து அவனுக்கு இடம் விட்டுவிட்டார். அவன் உட்கார்ந்திருக்கிறான். கையை மெஷின்மேல் கொண்டுபோகிறான், எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறான்.

“நீதான் சொல்லேன்” என்கிறான் மனைவியிடம். “உனக்கு என்ன தோணுது? நானா, இதுவா?”

“எனக்கு மெஷினோட உள்பக்கம்தாங்க தெரியும்.” செம்பைக் கீழே வைக்கிறாள். “நீங்க தட்டுங்க. கேட்டுட்டுச் சொல்றேன்.”

நன்றாகக் கேட்க வேண்டுமென்று போய் மின்விசிறியை நிறுத்துகிறாள். அறை அமைதியாகிவிட்டது. அவன் கை மறுபடியும் மேலே வருகிறது.

நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கிற இடத்தில் ஒரு மேஜை இருக்கும். இல்லாவிட்டால் முழங்கால் இருக்கும். அவனுக்காக நீங்கள் ஒருமுறை தட்டிவிடுங்கள், யோசிக்காமல், உங்கள் கை போகிற போக்கில். ‘தக்’ உங்களுக்கு எங்கே விழுகிறதோ அங்கேதான் அவனுக்கும் விழும். ஏமாற்றாதீர்கள். முதலில் ‘டும்’.