சூடாமணிக்குக் கொடுக்காத மருந்து

1

இந்தக் கதை எனக்குச் சுவர் வழியாகக் கிடைத்தது. ஒட்டுக்கேட்டேன் என்று யாரும் சொல்ல வேண்டாம். கரமனை அக்ரஹாரத்தில் என் வீட்டுக்கும் சாவித்ரி வீட்டுக்கும் நடுவே இருப்பது ஒரே சுவர். சத்தம் அவர்களுடையது, காது என்னுடையது, நான் என்ன செய்ய? மலையாளக் கணக்கில் கொல்லம் வருஷம் 1106, மிதுன மாத மழையில், சாவித்ரியின் மாட்டுப்பெண் சூடாமணி விடியற்காலையில் ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது. மத்தியானத்துக்குள் தெருவில் பன்னிரண்டு வீட்டுக்கும் தெரிந்துவிட்டது. (பதின்மூன்றாவது வீட்டுக்காரியோடு எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை.)

2

ஆரம்பங்கள் எழுதிப் பார்த்தேன்.

"கொக்கிப்புழு என்பது நூலிழைப் பருமனே உள்ள ஒரு..." வேண்டாம். சுகாதார இலாகா நோட்டீஸ் மாதிரி இருக்கிறது.

"சூடாமணி பேரழகி..." பொய். மூக்கு சற்றுப் பெரிது.

"அவள் சாம்பல் தின்றாள்." இது நிஜம். இதுவே இருக்கட்டும்.

அவள் சாம்பல் தின்றாள். முதலில் விபூதியைக் கிள்ளிக் கிள்ளி வாயில் போட்டாள், பிறகு அடுப்புச் சாம்பல், சுவரில் உதிர்ந்த சுண்ணாம்பு, பச்சரிசி. கிணற்றடியிலிருந்து ஒரு குடம் தூக்கி வருவதற்குள் நாலு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். முகம் வெளுத்து லேசாக ஊதியிருந்தது. பிள்ளைக்களை என்றது தெரு. இதற்கெல்லாம் மேலான சாட்சி ஒன்று உண்டு: மூன்று மாதமாக அவள் தூரத்துக்கு உட்காரவில்லை. எந்த வீட்டுப் பெண் எப்போது கொல்லைப்புற அறையில் மூன்று நாள் ஒதுங்குவாள் என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். எனக்குக் கொஞ்சம் முன்னதாகவே தெரியும்.

கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண் இருந்ததையும் பார்த்தேன். ஈரக் கொல்லைக்கு வெறுங்காலோடு போய்வருகிற எல்லோருக்கும் வருவதுதான். தோல் செருப்பு மடிக்கு ஆகாதே. மஞ்சள் அரைத்துப் போடச் சொன்னேன். [வைத்தியமென்று நான் செய்த ஒரே காரியம்.]

3

இந்தப் பகுதியை முன்பு இப்படி எழுதியிருந்தேன்: "புழு மருந்து கொடுக்கும் சத்தியநேசன் சாவித்ரி வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டான். அப்போது யாரோ ஒரு அயல்வீட்டுக்காரி..."

யாரோ என்ன யாரோ. நான்தான்.

பாறசாலைப் பக்கத்து வேதக்காரப் பையன், கிறிஸ்தவன், காக்கி நிக்கர், தோளில் பெட்டி. வாசற்படிக்கு மேல் அவன் ஏறக்கூடாது. சாவித்ரியோ குளித்து ஈரம் உடுத்தி மடியாக உள்ளே சமைத்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்து அவனோடு பேசினால் திரும்பக் குளிக்க வேண்டும். உள்ளிருந்தே கத்தினாள்: "விஜயம், யாரோ கூப்பிடறான் பாரு! நான் மடி. நீயே கேட்டு அனுப்பிச்சுடு!"

"அம்மா, இந்த வீட்டுல வெளுப்பு, மூச்சுமுட்டு, சேத்துப்புண்ணு யாருக்காவது உண்டா?" என்றான். "கால் வழியா ஒரு புழு கேறும். வயித்துல கெடந்து ரெத்தம் குடிக்கும்."

"கால் வழியா வயித்துக்குள்ளயா? அப்போ வாய் எதுக்குடா இருக்கு?"

பாவம், கோபித்துக்கொள்ளவில்லை. "ஈர மண்ணுல செருப்பில்லாம நடந்தா தோலைத் துளைச்சுக் கேறும் அம்மா. ரெத்தம் கொறஞ்சா மண்ணு, சாம்பல் எல்லாம் தின்னத் தோணும். மருந்து சும்மாதான். ஒண்ணும் பேடிக்காண்டாம், பயமில்ல."

"சாம்பல் தின்னா புழுவா? நன்னாருக்கு! இந்தாத்து மாட்டுப்பொண் பிள்ளையாண்டிருக்கா."

அவன் முகம் மாறிற்று. "கெர்ப்பிணியா? கெர்ப்பிணிக்கு இந்த மருந்து கொடுக்கப்பிடாது. டாக்டர் பாத்தாச்சா அம்மா?"

"டாக்டர் எதுக்கு? நான் பாத்தாச்சு."

நோட்டுப் புத்தகத்தில் ஒரு பெயரைப் பென்சிலால் அடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனான்.

"என்னவாம்?" என்று சாவித்ரி உள்ளிருந்து கேட்டாள்.

"ஏதோ பூச்சி மருந்தாம். போகச் சொல்லிட்டேன்."

4

இந்த இடத்தில் சூடாமணியின் பாத்திரம் சரியாக வரவில்லை. பதினெட்டு வயதுப் பெண்ணுக்குத் தன் உடம்பு தெரியாதா என்று நீங்கள் கேட்பீர்கள். அவள் கேட்டாள். கிணற்றடியில், கயிற்றை இழுக்க முடியாமல் பிடித்துக்கொண்டு நின்றபடி என்னிடம்தான் கேட்டாள்.

"மாமி, நேக்கு ஒண்ணுமே தோணலையே. உள்ள ஒண்ணும் அசையலை."

"தலைச்சன் அப்படித்தான்டி. மெதுவாத்தான் தெரியும்."

"இல்லைன்னு ஆயிட்டா என்ன பண்ணுவேன்? மாமியார் இப்போதான் நேக்குப் பாலெல்லாம் தரா. மூஞ்சியைப் பாத்துப் பேசறா."

கல்யாணமாகி மூன்று வருஷம் மலடி என்று பேச்சு வாங்கியவள். [அதைத் தெருவில் முதலில் சொன்னது யார் என்று கேட்காதீர்கள்.] நான் சொன்னதை அவளும் நம்பத்தான் விரும்பினாள். என்னைவிட அதிகமாக.

5

இதைச் சுருக்கமாக எழுதுகிறேன்.

கன்னி மாதம் வளைகாப்பு செய்தோம். வளையல்காரன் குழந்தைகள் அளவில் தேடி எடுத்துக் கொடுத்தான். கால் வீங்கியிருந்தது. அதற்கும் என்னிடம் ஒரு காரணம் இருந்தது. பத்தாம் நாள் அவளால் படுக்க முடியவில்லை, மூச்சுக்காக உட்கார்ந்தபடியே இருந்தாள். புருஷன் பிச்சுமணி ஜட்கா பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். கூட நானும் போனேன்.

கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள் டாக்டரம்மா. காகிதம் மாதிரி வெள்ளை.

"குழந்தையா? எந்தக் குழந்தை? ரத்தமே இல்லை. அதனாலதான் மாசக்குளியும் நின்னுபோச்சு. புழு மருந்தும் இரும்பு மருந்தும் மூணு மாசம் முன்னாடி கொடுத்திருந்தா எழுந்து நடந்திருப்பா. வீடு வீடா வந்து கொடுத்தாங்களே, ஏன் வாங்கலை?"

சூடாமணிக்குக் காது கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அவள் என் பக்கம் திரும்பவில்லை. வயிற்றின்மேல் வைத்திருந்த கையை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம்...

(இந்த வாக்கியத்தை நாலு தடவை தொடங்கினேன். முடிக்கவில்லை.)

6

"மருந்து வந்ததா?" என்று பிச்சுமணி தன் அம்மாவைக் கேட்டான். "வந்தது. நான் மடியா இருந்துட்டேன்டா," என்றாள் சாவித்ரி. போகச் சொன்னது நான் என்று அவள் சொல்லவில்லை; வாசலில் நான் அவனிடம் என்ன சொன்னேன் என்பது அவளுக்குத் தெரியவும் தெரியாது. அன்றிலிருந்து அவன் அவளோடு பேசவில்லை. அவள் அதற்குப் பிறகு மடி உடுத்தவே இல்லை.

மகர மாதம் பம்பாயில் வேலை தேடிக்கொண்டு கிளம்பினான். திரும்பி வருகிறதாக இல்லை. தம்பானூர் ரயிலடிக்குப் போக வண்டி வந்து நின்றது. பெட்டியை ஏற்றியவன், என்ன நினைத்தானோ, என் வாசலுக்கு வந்தான்.

"மாமி, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு மருந்து வேண்டாம்னு அனுப்பிச்சது அம்மாதானா?"

ஒரு முடிவு: நான் உள்ளதைச் சொல்கிறேன். அவன் என் முகத்தில் காறித் துப்பிவிட்டு, பெட்டியைக்கூட இறக்காமல் அம்மாவிடம் ஓடுகிறான். எழுத நன்றாக வருகிறது. அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது.

இன்னொன்று: "போனது போகட்டும்டா, அவளும் மனுஷிதானே," என்கிறேன். அதில் பொய் ஒரு சொல்கூட இல்லை. வண்டி போய்விடுகிறது. சாவித்ரி இன்னும் பத்து வருஷம்...

இரண்டில் ஒன்று நடந்தது. எது என்று நான் எழுதப்போவதில்லை. எழுதினால் என்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்து நிம்மதியாகப் புத்தகத்தை மூடிவிடுவீர்கள். வாருங்கள், என் இடத்தில் வந்து நில்லுங்கள். பிச்சுமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு உங்களைப் பார்த்தபடி நிற்கிறான். அம்மாவா, இல்லையா என்று மட்டும்தான் கேட்டிருக்கிறான்.

சொல்லுங்கள்.