கூடு சைவமா?

1

இந்தக் கதை ஒரு கட்டுரையாகத்தான் பிறந்தது. 1997இல் ஒரு வார இதழ், ‘சத்து மாத்திரைகளில் என்ன இருக்கிறது? வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்’ என்று எளிய நடையில் இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னது. வாசகர்கள் அப்படி எதையும் கேட்பதில்லையே என்று ஆசிரியருக்கு எழுதினேன். கேட்டதுபோல நாமே எழுதிக்கொள்ள வேண்டியதுதான் என்று பதில் வந்தது. அந்த நேர்மை பிடித்துப்போய் உட்கார்ந்து எழுதினேன்.

கேள்வி: ‘இயற்கையை ஒத்த மணம்’ என்றால் என்ன?
பதில்: இயற்கை இல்லை என்று பொருள்.

கேள்வி: அனுமதிக்கப்பட்ட நிறம் எதற்காகச் சேர்க்கிறார்கள்?
பதில்: சேர்க்காவிட்டால் உள்ளே இருப்பதன் நிறம் தெரிந்துவிடும். உள்ளே இருப்பதோ—

கேள்வி: மாத்திரையின் கூடு எதனால் ஆனது?

இந்த இடத்தில் கீழ்வீட்டு விஜயஸ்ரீயின் ஞாபகம் வந்து கட்டுரை நின்றுபோனது. இதழ் வேறு யாரிடமோ எழுதி வாங்கிப் போட்டுக்கொண்டது. அதில் எல்லாக் கேள்விக்கும் தெம்பூட்டும் பதில்கள் இருந்தன. எதிர்ப்பக்கத்தில் ஒரு சத்துமாவு விளம்பரமும் இருந்தது.

2

முதலில் எழுதிய தொடக்கம்: ‘தாமிரபரணி அன்று கலங்கி ஓடியது.’ அடித்துவிட்டேன். கதையில் ஆறு கலங்கினால் யாரோ சாகப்போகிறார்கள் என்று வாசகருக்குத் தெரியும். அதோடு, அன்று ஆறு தெளிவாகத்தான் ஓடியது.

இரண்டாவது: ‘விஜயஸ்ரீயின் கண்களில் ஒரு—’ இதையும் அடித்துவிட்டேன். கண்களில் ஒன்றும் இல்லை. படித்த படிப்புக்கு வேலைக்குப் போகவிடாத ஒரு வீட்டில் பதினேழு வருஷம் குடித்தனம் செய்த பெண்ணின் சாதாரணக் கண்கள்.

ஆகவே நேராகச் சொல்கிறேன். திருநெல்வேலி டவுனில், ரத வீதிக்குப் பின்னால் ஒரு தெருவில் அவள் இருந்தாள். நான் அந்த வீட்டு மாடியில் குடியிருந்தேன். கணவர் ஆவுடைநாயகம் கூட்டுறவுத் துறையில் தணிக்கை அலுவலர். சைவக் குடும்பம். கேக்கில் முட்டை இருக்குமோ என்று பிள்ளைகளின் பிறந்தநாளையே கைவிட்ட சைவம். மாமியார் வடிவம்மாளுக்கு இரண்டு கால் முட்டிலும் வலி. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பாள்.

1996இல் ‘ஜீவகலா’ என்ற மதுரைக் கம்பெனியின் சத்து மாத்திரையை வீடுவீடாக விற்கும் வேலை விஜயஸ்ரீக்குக் கிடைத்தது. பச்சைக் கூட்டுக்குள் பழுப்புப் பொடி.* கம்பெனிக்காரர் மணிராஜிடம் அவள் ஆரம்பத்திலேயே கேட்டாள், கூடு எதில் செய்தது என்று. “கடல்பாசிலேருந்து எடுக்கது மேடம், சுத்த சைவம்” என்றார். அதையே அவளும் ஒவ்வொரு வீட்டிலும் சொன்னாள்.

முதல் வாடிக்கையாளர் வடிவம்மாள். ஒரே வாரத்தில் சுவரை விட்டாள். இரண்டு மாதத்தில் என் மாடிப்படி ஏறி வந்து, “ஒரு ஆளு இருக்க இடமாவே இது, தூத்துப் பெருக்க மாட்டீரா?” என்று கேட்டாள். ஒடுங்கிக் கிடந்த முகம் உப்பி, கன்னம் பளபளத்தது. தெருவே அந்த முகத்தைப் பார்த்துத்தான் வாங்கியது. “வடிவக்கா முகத்தப் பாரு, நிலா மாதிரில்லா இருக்கு” என்றாள் எதிர்வீட்டுக் கோமு. அவளும் தினம் இரண்டு விழுங்க ஆரம்பித்தாள்.

(* புட்டியில் எழுதியிருந்தது: மூலிகைச் சாறு, வைட்டமின்கள், அனுமதிக்கப்பட்ட சேர்மானங்கள். அனுமதித்தவர் பெயர் இல்லை. தெருவில் பட்டதாரிகள் அதிகம். கத்தரிக்காயைக் காம்பு முதல் அடி வரை திருப்பிப் பார்த்து வாங்குகிறவர்கள். புட்டியை ஒருவரும் திருப்பவில்லை.)

3

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வண்ணார்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் கம்பெனி கூட்டம் போட்டது. தன் வாடிக்கையாளர்களை எல்லாம் விஜயஸ்ரீ அழைத்துவந்து முன்வரிசைகளில் உட்கார்த்தியிருந்தாள். நான் காப்பிக்காகப் போயிருந்தேன். பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ என்று போட்டுக்கொண்டு மணிராஜ் மேடையில் பேசினார். எதற்கு டாக்டர் என்று கேட்பது மரியாதை இல்லை என்பதால் யாரும் கேட்கவில்லை.

கடைசியில், சந்தேகம் இருந்தால் கேட்கலாம் என்றார். சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று ஒரு கேள்வி. பாலில் போடலாமா என்று ஒரு கேள்வி. பிறகு பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். காஜா முகைதீன், மேலப்பாளையத்தில் பிஸ்கட் மொத்த வியாபாரம். அந்த ஊருக்கு ஏஜென்சி எடுக்கலாமா என்று பார்க்க வந்தவர்.

“எங்க ஊர்ல விக்கணும்னா ஒண்ணு தெரியணும்யா. இந்தக் கூடு எதுல செய்யுதாங்க?”

“ஜெலட்டின் பாய்.”

“அது தெரியும். பன்னியா, மாடா?”

மணிராஜ் சிரித்தார். அவர் கண்ணுக்கு முன்னால் மேலப்பாளையம் முழுவதும் வரிசையில் நின்றிருக்க வேண்டும். முன்வரிசை மறந்துபோனது.

“கவலையே படாதீங்க பாய். பன்னிங்கிற பேச்சே கிடையாது. நூத்துக்கு நூறு மாட்டெலும்பு.”

“அறுத்த மாடா, செத்த மாடா?”

“அறுத்ததுதான். எழுதியே தாரேன்.”

[இங்கே நான் மின்விசிறிச் சத்தத்தைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதியிருந்தேன். எல்லோரும் எழுதுகிற வாக்கியம். எடுத்துவிட்டேன்.]

விஜயஸ்ரீ எழுந்தாள். “எங்கிட்ட கடல்பாசின்னு சொன்னீங்களே?”

“அது வேற சரக்கு மேடம்.”

முன்வரிசைகள் எழுந்து வாசலுக்கு நடந்தன. ஒருத்தி வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு ஓடினாள். காஜா முகைதீன் விஜயஸ்ரீயிடம் வந்து, “மன்னிச்சுக்கிடுங்கம்மா, இங்கன இப்படி ஆவும்னு எனக்குத் தெரியாது” என்றார். அவள் வாசலுக்குப் போனவர்கள் பின்னால் ஓடினாள். அவர் மேடையைப் பார்த்துத் திரும்பினார்.

“சரி வே, கூடு கிடக்கட்டும். உள்ள என்ன இருக்கு?”

அன்று கேட்கப்பட்ட ஒரே உருப்படியான கேள்வி அதுதான். கேட்பதற்கு மணிராஜும், நாற்காலிகளும், அரைத் தம்ளர் காப்பி மிச்சம் இருந்ததால் நானும் மட்டுமே இருந்தோம். மணிராஜ் மைக்கின் வயரைச் சுருட்டினார்.

4

ஆவுடைநாயகத்தை எழுதும்போது எனக்குச் சந்தேகம் வருகிறது. இவ்வளவு முட்டாள்தனமான ஒருவரை வாசகர் நம்புவாரா? முந்தைய படியில் அவருக்குக் கொஞ்சம் மனப்போராட்டம் கொடுத்தேன். மொட்டைமாடியில் தனியாக நின்று வானத்தைப் பார்க்க வைத்தேன். அந்தப் படியை விஜயஸ்ரீ வாசித்தாள். “வானத்தை எல்லாம் அவுக பாக்க மாட்டாக. இருக்கபடியே எழுதுங்க” என்றாள். ஆகவே இருந்தபடி:

வீட்டிலிருந்த புட்டிகளை அன்றைக்கே சாக்கடையில் கவிழ்த்தார். தெருவில் எல்லா வீட்டிலும் அப்படியே. வெள்ளிக்கிழமை வேன் பிடித்து, மாத்திரை தின்ற அத்தனை பேரையும் பாபநாசம் கூட்டிப்போய்த் தாமிரபரணியில் முங்க வைத்தால் தோஷம் கழியும் என்று முடிவு செய்து, வீடுவீடாகச் சொல்லிவிட்டார். மனைவியை ஏமாற்றிய மணிராஜை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மதுரைக்குப் போக பஸ் இருந்தது.

வடிவம்மாள் மருமகள் கையால் சாப்பிட மறுத்தாள்.

“ஏட்டி, நீ அடுப்படிக்கு வராத. எனக்கு நான் பொங்கிக்கிடுதேன்.”

“அத்தை, எனக்கும் தெரியாதுல்லா.”

“தெரிஞ்சு குடுத்தா நீ கொலகாரி. தெரியாம குடுத்ததால வெளிய நிக்க.”

புதன்கிழமை வடிவம்மாள் அரிசியைக் களைந்துவிட்டு எழுந்திருக்க முடியாமல் அப்படியே இருந்தாள். முட்டில் வலி பழையபடி வந்துவிட்டது. வியாழக்கிழமை வாய்க்கு ஒன்றும் பிடிக்கவில்லை. “எனக்கு என்னமோ செய்யுதுப்பா” என்றாள் மகனிடம். “நாளைக்கு முங்கினா எல்லாம் சரியாயிரும்மா” என்றார் தணிக்கை அலுவலர்.

5

வேனில் முன்சீட்டில் எனக்கு இடம் கொடுத்தார்கள். விஜயஸ்ரீக்குக் கடைசி சீட்டு. பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அவளும் முங்க வேண்டும் என்பதால் கூட்டிவந்தார்கள்.

கோயிலுக்கு முன்னால் படித்துறையில் எல்லோரும் இறங்கினார்கள். வடிவம்மாளை இரண்டு பேர் பிடித்து முங்க வைத்தார்கள். எழுந்ததும் வாந்தி எடுத்தாள். வெறும் தண்ணீர்தான் வந்தது. படியில் சாய்த்தார்கள், மறுபடியும் எடுத்தாள். உதடு வெளுத்துவிட்டது.

“பாவம் கழியுது. எடுக்கட்டும்” என்றாள் கோமு. “வெளிய வந்துட்டா நல்லதுதான்” என்றாள் இன்னொருத்தி. அவர்கள் கும்பிட்டார்கள். ஒரு மனுஷி செத்துக்கொண்டிருப்பதைப் பார்த்துக் கும்பிட்டார்கள் என்று எழுதினால் மிகை என்பீர்கள். நான் பக்கத்தில் நின்றேன்.

ஒதுங்கி நின்ற விஜயஸ்ரீ படியிறங்கி வந்து மாமியாரின் கையைப் பிடித்துப் பார்த்தாள். கை சில்லென்று இருந்தது. “தொடாதட்டி” என்றார் ஆவுடைநாயகம். அவள் தொட்டதை விடவில்லை. வேன் டிரைவரைக் கூப்பிட்டு, “அண்ணே, காலைப் பிடிங்க” என்றாள். நானும் போய்த் தூக்கினேன். மற்றவர்கள் ஈரச் சேலையோடு பின்னால் வந்து ஏறினார்கள். வேனை விட்டால் பஸ்ஸுக்கு நிற்க வேண்டும்.

அம்பாசமுத்திரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. டாக்டர் லில்லி நாடியைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். கையில் தோல் மெலிந்து, ஊதா ஊதாவாகத் திட்டுகள் இருந்ததையும் பார்த்தார்.

“ரத்த அழுத்தம் ரொம்ப கீழ போயிருக்கு. இவங்க என்ன மருந்து சாப்பிட்டாங்க?”

“ஒண்ணும் இல்ல டாக்டர்” என்றார் மகன்.

“நாட்டு மருந்து, லேகியம், சத்து மாத்திரை?”

“எங்க வீட்ல அதெல்லாம் பழக்கமே இல்ல. சுத்தமான வீட்டுச் சாப்பாடு.”

லில்லி மற்றவர்களைப் பார்த்தார். அவர்கள் சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டிருந்தார்கள். ஆவுடைநாயகம் மனைவியின் பக்கம் திரும்பி, மெதுவாக, ஆனால் எனக்குக் கேட்கும்படி சொன்னார்: “வெளிய சொன்னா குடும்ப மானம் போயிரும். பேசாம இரு.”

விஜயஸ்ரீ முன்னால் வந்தாள்.

“சத்து மாத்திரை டாக்டர். தினம் மூணு. ஆறேழு மாசமா. நான்தான் குடுத்தேன். ஞாயித்துக்கிழமையோட நிறுத்திட்டோம்.”

“குறைச்சுக் குறைச்சா?”

“இல்ல. ஒரேயடியா.”

“ஏன்?”

“கூடு மாட்டெலும்புன்னு சொன்னாக.”

லில்லி ஊசியை நிரப்பிக்கொண்டே பேசினார். “உள்ள ஸ்டீராய்டு கலந்திருக்கான் போல. வலி மாயமா போகும். முகம் ஊதிரும், நிலா முகம்னு எங்க புஸ்தகத்துலயே பேரு. அது வெளியிலேருந்து வரதால, உடம்பு தனக்கு வேண்டியதைச் சுரக்கதை நிறுத்திரும். நீங்க ஒரேயடியா நிறுத்தினதும் ரெண்டும் இல்லாம போச்சு. இன்னும் ஒரு மணி நேரம் அந்தத் தண்ணிக்குள்ள வச்சிருந்தீங்கன்னா, இங்க வந்திருக்க வேண்டாம்.”

ஆவுடைநாயகம் ஈர வேட்டியோடு சுவரோரம் உட்கார்ந்தார். இதை எழுதும்போது அவர்மேல் இரக்கம் வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை.

6

இப்போது முடிவுகள்.

முதல் முடிவில் மணிராஜ் கைதாகிறார். இதை இதழ்கள் விரும்பும். நடந்தது வேறு: மதுரை அலுவலகம் பூட்டிக்கிடந்தது. அதே மாத்திரை சிவப்புக் கூட்டில், வேறு பெயரில், வள்ளியூர்ப் பக்கம் விற்றதாகக் காஜா முகைதீன் பிற்பாடு சொன்னார். இரண்டாவதில் மாமியாரும் மருமகளும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். அதற்கும் சாட்சி இல்லை.

நடந்தது இது. சாயங்காலம் வடிவம்மாள் கண் திறந்தாள். விஜயஸ்ரீ தம்ளரில் கஞ்சி நீட்டினாள். வடிவம்மாள் வாங்கிக் குடித்தாள். “உப்பு காணாது” என்றாள். அவர்களுக்குள் அவ்வளவுதான் பேச்சு.

அப்போது லில்லி வராந்தாவுக்கு வந்து பெண்களிடம் கேட்டார்: “இங்க வேற யாரெல்லாம் அந்த மாத்திரை சாப்பிட்டீங்க?”

ஒருத்தியும் கை தூக்கவில்லை. பாபநாசத்தில் முங்கியாயிற்று, கணக்கு தீர்ந்தது. கோமு தூணைப் பார்த்தாள். அவள் முகமும் உப்பித்தான் இருந்தது.

உள்ளே கட்டிலிலிருந்து வடிவம்மாளின் குரல் வந்தது. பலவீனமான குரல்தான். ஆனால் ஐம்பது வருஷம் தெருவை அதட்டிய குரல்.

“டாக்டரம்மா, அங்கன தூணுக்குப் பின்னால நிக்கா பாருங்க கோமு, அவ தினம் ரெண்டு தின்னா. சொர்ணம் மூணு. காந்திமதி புருஷனுக்கும் சேத்து வாங்குனா. மானம் போச்சுன்னா எனக்கு மட்டும் போவணுமாக்கும்?”

ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். லில்லி எல்லோரையும் சோதித்தார். நாளுக்கு நாள் அளவைக் குறைத்துக்கொண்டே போகவேண்டிய, அதே ஸ்டீராய்டு உள்ள ஒரு வெள்ளை மாத்திரையை எல்லோருக்கும் எழுதினார். முதல் வேளையை அங்கேயே, தன் கண் முன்னால் போடச் சொன்னார். கோமு கையை நீட்டினாள். மாத்திரை உள்ளங்கையில் விழுந்தது. அவள் அதை வாயில் போடவில்லை.

“டாக்டரம்மா, இது சைவந்தான?”

பின்னால் நின்றவர்கள் எல்லோரும் பதிலுக்காக நிமிர்ந்தார்கள். அதில் உள்ள மருந்து லில்லிக்குத் தெரியும். அதை இறுக்கி மாத்திரையாக நிறுத்த என்னென்ன சேர்த்தார்கள், எந்தக் கொழுப்பிலிருந்து எடுத்தார்கள் என்று அட்டையில் இல்லை. தெரியாது என்றால் ஒருத்தியும் விழுங்கமாட்டாள். இரண்டு நாளில் ஒவ்வொருத்தியாகத் தூக்கிக்கொண்டு வருவார்கள். சைவம் என்றால், மணிராஜ் சொன்ன அதே சொல்.

எல்லோரும் விழுங்கினார்கள். அதை மட்டும் சொல்லிவிடுகிறேன். லில்லி என்ன சொன்னார் என்பதும் எனக்குத் தெரியும். நான் வாசலில்தான் நின்றேன். அதை எழுதிவிட்டால், நீங்கள் அவரைப் பாராட்டிவிட்டோ பழித்துவிட்டோ பக்கத்தைப் புரட்டிப் போய்விடுவீர்கள். அந்த வசதியைச் செய்துதர எனக்கு மனமில்லை.

டாக்டரின் நாற்காலி காலியாக இருக்கிறது. உட்காருங்கள். கோமு உங்களைத்தான் கேட்கிறாள்.