மூன்றாம் நம்பர் சிவப்பு

தூபா, நீ தூங்கியிருப்பாய். எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் ஒரு முட்டை. சிரிக்காதே, முழுக்கப் படி.

அத்தாவின் பட்டறைக்கு நீ வந்ததில்லை. மயிலாப்பூரில், லஸ் பக்கத்துச் சந்தில், ஜெராக்ஸ் கடைக்கும் தையல் கடைக்கும் நடுவில் இருக்கிறது. பழைய மரச்சாமானின் போட்டோவைக் கொடுத்தால் அதே மாதிரி புதிதாகச் செய்து தருவார். போன வாரம் அடையாறிலிருந்து நீரஜா ஆன்ட்டி வந்தார். பாட்டு டீச்சர். கையில் ஒரு போட்டோ, அதில் இரண்டடி உயரச் சிவப்பு பூஜை மண்டபம். அசல், பாகம் பிரித்தபோது மைத்துனர் வீட்டுக்குப் போய்விட்டதாம்.

"கெமிக்கல் பெயிண்ட்டே கூடாது பாய். அந்தக் காலத்துல எப்படிப் பண்ணினாளோ, அப்படியே வேணும்."

"பண்ணிடலாம் மேடம். நாலு மரத்துண்டுல நாலு விதமா அடிச்சு வெக்கறேன். எது புடிக்குதோ எடுத்துக்குங்க."

ஒன்றாம் நம்பர் துண்டில் ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு. இரண்டில் தச்சர்கள் காய்ச்சும் வஜ்ரம் பசையோடு காவிப்பொடி. நான்கில் திரிந்த பாலும் சுண்ணாம்பும் காவியும். மூன்றாவதை என்னிடம் தள்ளிவிட்டு, "நீயும் பால்லயே அடி, காவி மட்டும் தூக்கலா போடு" என்றார் அத்தா. எனக்குத்தான் கை சும்மா இருக்காதே. யூடியூபில் பார்த்தபடி காவியை முட்டை மஞ்சள் கருவில் குழைத்து அடித்தேன். காய்ந்ததும் பழைய பனியன் துணியால் தேய்த்தேன். அடேயப்பா, என்ன சிவப்பு!

துண்டுகளைப் பார்க்க வந்த ஆன்ட்டி நேராக அதைத்தான் எடுத்தார். "இதேதான்! எங்காத்துல இருந்தது அச்சு அசல் இந்தக் கலர். என்ன பாய் இது?"

"பாலு, சுண்ணாம்பு. எம் பொண்ணு தஹ்சீன் கலந்தது மேடம்." அத்தா அவ்வளவு நிமிர்ந்து நின்று நான் பார்த்ததே இல்லை. நானும் பால்தான் என்று தலையாட்டினேன்.

அன்றிலிருந்து இதே நினைப்புதான். பூஜை அறையில் முட்டை. அதுவும் காதர் பாய் பட்டறையிலிருந்து. விஷயம் வெளியே வந்தால், விளையாட்டாகச் செய்தது என்று யார் நம்புவார்கள்? அடையாறு மாமிகளின் வாட்ஸ்அப் குரூப்பில் அத்தாவின் பேர் என்ன பாடுபடும்? மூன்று நாள் திருட்டுத்தனமாகப் பாலையும் சுண்ணாம்பையும் கலந்து பார்த்தேன். ஒரு தடவை ரோஸ் மில்க். ஒரு தடவை செங்கல். அந்தச் சிவப்பு மட்டும் வரவில்லை.

இன்றைக்கு முதல் பூச்சைப் பார்க்க ஆன்ட்டி வந்துவிட்டார். அத்தா மேஜையில் திரிந்த பால், சுண்ணாம்பு, காவி எல்லாவற்றையும் எடுத்து வைத்து, காலிக் கிண்ணத்தை என் கையில் கொடுத்தார்.

"கலக்கும்மா. மேடம் பாக்கட்டும்."

"இதுல வராது அத்தா," என்றேன். "அது முட்டை."

"எது முட்டை?"

"மூணாம் நம்பர். மஞ்சக்கரு. சாரி ஆன்ட்டி, அத்தாவுக்குத் தெரியாது. நான்தான்."

"பூஜை மண்டபத்துக்கு முட்டையா? அறிவு கீதா உனக்கு? இன்னா காரியம் பண்ணி வெச்சிருக்கே!" அத்தா கத்தினார்.

ஆன்ட்டி கையிலிருந்த துண்டை இரண்டு விரலால் மேஜையில் வைத்தார். "சரி. மத்ததெல்லாம் சுத்தம்தானே பாய்?"

அத்தா தலையைச் சொறிந்தார். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"ரெண்டாம் நம்பர் வஜ்ரம் மேடம். தோலு, எலும்பு காய்ச்சி எடுக்கறது."

"ராமா! ஒண்ணு?"

"அரக்கு. அது ஒரு பூச்சி விடற பிசினு."

ஆன்ட்டி ஸ்டூலை இழுத்து உட்கார்ந்துவிட்டார். "அப்போ நான் வேண்டவே வேண்டாம்னு சொன்ன கெமிக்கல் டப்பாதான் சுத்த சைவமா?"

"நாலாம் நம்பர் கீது மேடம். பாலு, சுண்ணாம்பு, காவி, அவ்ளோதான். நானே அடிச்சது. கலருதான் கொஞ்சம் டல்லு."

ஆன்ட்டி நான்காவது துண்டை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டல்லா இருந்தா இருந்துட்டுப் போறது. இதையே அடிச்சுடுங்கோ." பிறகு என்னைப் பார்த்தார். "மண்டபம் ஆத்துக்கு வந்தப்புறம் சொல்லியிருந்தியோ, உன்னைத் தொலைச்சிருப்பேன்."

அவ்வளவுதான், நான் அழுதுவிட்டேன். இதோடு முடிந்தது என்று நினைக்கிறாயா? ஆட்டோ ஏறும்போது என்னை மட்டும் கூப்பிட்டார்.

"அந்த மூணாம் நம்பரைத் தூக்கிப் போட்டுடாதே. ஹால் கண்ணாடிக்கு ஃபிரேம் பண்ணணும், அதுக்கு அதையே அடி. நாளைக்கு எங்க மாமியார் ஃபிரேம் கலர் பாக்க வரா. அவாகிட்ட மட்டும் முட்டைன்னு மூச்சு விட்டுடாதே, என்ன?"

சாப்பிடும்போது அத்தாவிடம் கேட்டேன். "ஆன்ட்டியோட மாமியார் கேட்டா இன்னா சொல்றது?"

"கேட்டா உள்ளதைச் சொல்லு."

"ஃபிரேம் ஆர்டர் போயிடுமே?"

"போனா போவுது. பால்னு எங்கிட்டயே புளுகினியே, அதுக்கு இது பரவால்ல."

சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டார். இப்போது குறட்டை விடுகிறார். எனக்குத்தான் கண் மூடவில்லை. மாமியார் காலை பத்து மணிக்கு வருகிறார். கேட்டால் சொல்லிவிடுவேன் தூபா, சத்தியமாக. அவர் கேட்காமல் இருக்க நீ துஆ செய்.