வானத்தில் ஒரு புள்ளி

அண்ணனின் ஸ்டூடியோவில் படங்களைத் திருத்துகிற தங்கைக்குத் தூசி என்றாலே ஆகாது. கேமராவுக்குள் தூசி ஒட்டினால் படத்தில் கறுப்புப் புள்ளியாக விழும். கண்ணில் பட்டதும் துடைத்துவிட்டுத்தான் மறுவேலை. அந்த அவசரக் கைதான் இந்த முறை அவளைக் காலை வாரிவிட்டது.

கண்காட்சிக்கான மலைப்படங்களை அண்ணன் மொத்தமாகக் கொட்டிவிட்டுப் போயிருந்தான். அவளும் மளமளவென்று துடைத்து, அசலின் மேலேயே சேமித்து, பெரிதாக அச்சும் போட்டுவிட்டாள். அண்ணன் வந்து ஒரு படத்தின் முன்னால் நின்றவன் நின்றவன்தான். முகம் வெளுத்துவிட்டது.

"அண்ணி எங்கே?" என்றான்.

அட, அவள் துடைத்த புள்ளி தூசியே இல்லை, அண்ணிதான்! நாற்காலியில் ஏறி பல்பு மாட்டவே நடுங்குகிறவள், ஒரே ஒரு தடவை மலையுச்சியிலிருந்து பாராகிளைடரில் பறந்தாள். தரையில் கால் பட்டதும், இந்த ஜென்மத்துக்கு இது போதும் என்று கும்பிடு போட்டுவிட்டாள். அவள் பறந்ததற்கு இருந்த ஒரே சாட்சி, எதிர்மலையிலிருந்து அண்ணன் எடுத்த அந்தப் படம். கேமராவில் இருந்ததையும் அந்தப் புண்ணியவான் அழித்துவிட்டிருந்தான்.

வழியும் அவனே சொன்னான். ஒரு புள்ளிதானே, வைத்துவிடு, ஒரு ஈ காக்காய்க்குக்கூடத் தெரியாது என்றான். வாஸ்தவம்தான், அவளுக்கு அது சொடக்குப் போடுகிற நேரத்து வேலை. ஆனால் அண்ணி அந்தப் புள்ளியைத் தொட்டுத் தொட்டு, இது நான், இது நான் என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவாளே. எத்தனையோ முகங்களில் பருவை எடுத்திருக்கிறாள். அப்போதெல்லாம் இப்படி உறுத்தியதில்லை.

"அண்ணி பறந்தது நிஜம்ணா. ஆனா நான் வைக்கிற புள்ளி அண்ணி இல்லையே. நானே போய்ச் சொல்லிக்கிறேன்."

சொன்னாள். அண்ணி கத்தவில்லை. தனக்கென்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள இருந்தது அது ஒன்றுதான் என்று மட்டும் சொல்லி, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நாத்தனார்க்காரிக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஆனாலும் சொன்னதற்காக வருத்தப்படவில்லை.

மறுநாள் காலை அண்ணி ஷூ மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"நீ பாட்டுக்குப் புள்ளி வச்சிருந்தா, அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். இப்ப வேற வழியில்ல. கிளம்புங்க, ரெண்டு பேரும்."

மலையில் அண்ணிக்குப் பல் கிட்டிக்கொண்டது. உதடு எதையோ முணுமுணுத்தது. ஓடினாள், குதித்தாள், மிதந்தாள். கீழே நாத்தனார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதாள்.

சாயங்காலம் அண்ணன் எடுத்த புதுப் படத்தைத் திரையில் திறந்தால் வானத்தில் இரண்டு புள்ளிகள். அண்ணனின் கேமராவைச் சுத்தம் செய்ய யாராலும் முடியாது போலிருக்கிறது. அவள் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டு அண்ணியைக் கூப்பிட்டாள். எதைத் துடைக்கட்டும் என்று கேட்டாள்.

அண்ணி திரைக்குப் பக்கத்தில் குனிந்தாள். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"கீழே இருக்கிறது தூசி. மேலே இருக்கிறது நான்."