மிஷினுக்கு வைத்த பொட்டு

பெரம்பலூருக்கு வெளியே புதிதாக எழும்பிய மின்னணு ஆலை, அரசும் தொழில்துறையும் கைகோத்த திட்டம். கைகோப்பதற்குள், பேனரில் யார் பெயர் மேலே வருவது என்று ஒரு கோடை முழுக்கச் சண்டை. அரசுத் தரப்புக்கு அதிகாரி கொளஞ்சியப்பன்; கம்பெனித் தரப்புக்கு மேனேஜர் ஜெயசீலன். அடுத்தடுத்த அறையில் உட்கார்ந்துகொண்டு இருவரும் கடிதத்தில்தான் பேசிக்கொள்வார்கள்.

கொளஞ்சியப்பனுக்குத் தேசத்தைவிடக் கொஞ்சம் கூடுதலான கவலை, கீழப்பழுவூரில் பாதியில் நிற்கும் வீடு. திறப்பு விழா சொதப்பினால் ஓசூருக்கு மாற்றல் என்று மேலிடம் காதில் போட்டுவைத்திருந்தது. சென்ட்ரிங் பலகைகூடப் பிரிக்காத வீட்டை விட்டுவிட்டு எப்படிப் போவது?

விழாவில் ஒரு குறையும் இருக்கக் கூடாதென்று, ஆயுத பூசைக்கு ஆபீஸ் ஜீப்பிலிருந்து ஸ்டேப்ளர்வரை செய்வதுபோல, காலையிலேயே ஒவ்வொரு மிஷினுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தார். கடைசி மிஷினில் வட்டமாக ஒரு கண்ணாடி பளபளத்தது. பொட்டுக்கென்றே செய்த இடம்.

சென்னையிலிருந்து வந்த உயரதிகாரி பொத்தானை அழுத்தினார். சர்க்யூட் போர்டுகள் வரிசையாக வந்தன. கடைசி மிஷின் ஒவ்வொன்றுக்கும் சிவப்பு விளக்கைப் போட்டு ஒதுக்கித் தள்ளியது. விளக்கு அலங்காரம் என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. மிஷினை ஓட்டும் ஆண்டிமடத்துப் பெண் பிரவீணா, கொளஞ்சியப்பன் காதருகே வந்தாள்.

“சார், அது கேமரா. போர்டைப் பாக்குற கண்ணுலயே குங்குமத்த வச்சிட்டீங்களே. இனி எதப் பாத்தாலும் அதுக்குக் கோளாறாத்தான் தெரியும்.”

அவருக்கு ஓசூர் பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

“என்னய்யா, எல்லாத்தையும் தள்ளுது?” என்றார் உயரதிகாரி.

கொளஞ்சியப்பன் ஜெயசீலனைப் பார்த்தார். ஜெயசீலன் கொளஞ்சியப்பனைப் பார்த்தார்.

“தரக் கட்டுப்பாடுங்க சார்,” என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

கூட்டுத் திட்டம் அந்த நொடியில்தான் தொடங்கியது. ஜெயசீலன் தன் அகன்ற உடம்பால் மிஷினை மறைத்தார். கொளஞ்சியப்பன் உயரதிகாரியை ஜன்னலோரம் நகர்த்திக்கொண்டு போய், தேசத்தின் மின்னணு எதிர்காலத்தை எதிரே தெரிந்த மக்காச்சோளக் காட்டில் சுட்டிக்காட்டினார். அதற்குள் பிரவீணா கண்ணாடியைத் துடைத்துவிட்டாள். பச்சை விளக்கு எரிந்தது.

“இத்தனையக் கழிச்சு ஒண்ணத் தேத்தியிருக்கீங்க. இதான்யா தரம்,” என்று அந்தப் போர்டை நினைவுப் பரிசாக வாங்கிக்கொண்ட உயரதிகாரி, இந்த இருவரையும் பிரிக்கவே கூடாது என்று மேடையிலேயே அறிவித்தார்.

வீடு முடிந்தது. கிரகப்பிரவேசத்துக்கு ஜெயசீலன் சுவர்க் கடிகாரத்தோடு வந்து, பந்தியில் இரண்டாம் முறை பாயசம் கேட்டார்.

அடுத்த ஆயுத பூசைக்கு முன்னெச்சரிக்கையாக, ‘இங்கே பொட்டு வைக்கக் கூடாது’ என்று எழுதிக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டினாள் பிரவீணா. கொளஞ்சியப்பன் அதைப் பயபக்தியோடு படித்தார். பிறகு அந்தக் காகிதத்துக்குச் சந்தனம் தடவி, நடுவில் குங்குமம் வைத்தார்.