கதரீனா நாள் கோதுமை

கட்டிலின் தலைமாட்டில் மருகோ சித்தி. கால்மாட்டில் பாதிரியார். ஜன்னலோர நாற்காலியில், லண்டனிலிருந்து வந்த கடிதத்தை மடியில் கவிழ்த்தபடி அர்கிரோ. நடுவே, மூச்சை இழுத்து இழுத்து வாங்கிக்கொண்டிருந்த ஸ்தமாதிஸ் சித்தப்பா.

போரில் இறந்த மாலுமிகளைப் பதிவுசெய்யும் அலுவலகத்தின் கடிதம் அது; கேட்டது ஒன்றைத்தான். போரில் மூழ்கடிக்கப்பட்ட சரக்குக் கப்பலோடு அவள் அப்பா லெஃப்தேரிஸ் இறந்தாரா, உயிர்ப்படகில் ஏறிய பிறகா? என்றைக்கு? படகில் ஒன்பது பேர் ஏறியதும் ஆறு பேர் மீண்டதும் அங்கே பதிவாகியிருந்தன, பெயர்கள் இல்லை. மீண்டவர்களில் மிச்சம் இருப்பவர் சித்தப்பா மட்டும். அவரோ வாழ்நாள் முழுக்க ஒரே பதில்தான் சொல்லிவந்தார்: “அண்ணன் கப்பலோடயே போயிட்டாரு. தூக்கத்துல. ஒண்ணும் தெரிஞ்சிருக்காது.”

அர்கிரோ நாற்காலியைக் கட்டிலருகே இழுத்தாள். “சித்தப்பா, அப்பா படகுல இருந்தாரா?”

“சாகப்போற மனுஷன்கிட்ட போலீஸ் விசாரணையா?” சித்தி சீறினாள். “உங்கம்மாகூட இதைக் கேட்டதில்லடி.”

“அம்மா கேக்கப் பயந்தாங்க. இன்னிக்கு விட்டா நான் யார்கிட்டப் போய்க் கேக்க?”

பாதிரியார் தொண்டையைச் செருமினார். “உதடு காஞ்சிருக்கு. கொஞ்சம் தண்ணி குடும்மா.”

அர்கிரோ கரண்டியில் தண்ணீரை நீட்டினாள். சித்தப்பாவின் கை எங்கிருந்தோ பலம் வந்து அதைத் தள்ளியது.

“முதல்ல அண்ணனுக்கு.”

தண்ணீர் போர்வையில் சிந்தியது. யாரும் துடைக்கவில்லை.

“எத்தனை நாள் இருந்தாரு? சித்தப்பா, என்னைப் பாருங்க!”

அவர் பார்க்கவில்லை. சற்று நேரத்தில் இழுப்பு நின்றது. சித்தி தன் தலைத்துணியை அவிழ்த்து அவர் தாடையைக் கட்டினாள்.

ஒன்பதாம் நாள் படையலுக்கு இருவரும் அவித்த கோதுமையில் சர்க்கரையும் மாதுளை முத்துகளும் கலந்துகொண்டிருந்தார்கள். அதுவரை அவளோடு முகம் கொடுத்துப் பேசாத சித்தி, தட்டைப் பார்த்தபடியே தொடங்கினாள்.

“கப்பல் முழுகினது தேவதூதர் திருநாள்ல. உங்கம்மா அன்னிக்குத்தான் கோயிலுக்குக் கோதுமை கொண்டுபோவா. இவரு அந்தப் பக்கமே வரமாட்டாரு.”

“ஊரே ஏசும். தெரியும்.”

“புனித கதரீனா நாள் வந்தா மட்டும், விடியுமுன்ன அவிக்கச் சொல்லுவாரு. செத்தவங்களுக்குப் படைக்கிறது, யாருக்குன்னு கேட்டா, ‘நீ அவி’ம்பாரு. வருஷம் தப்பாம அவிச்சேன்.”

அர்கிரோவின் கை சர்க்கரைக்குள் நின்றது. இரண்டு திருநாள்களுக்கும் நடுவே இரண்டு வாரத்துக்கு மேல். கடிதத்தின்படி, படகு மீட்கப்பட்டது கதரீனா நாளுக்கு மறுநாள்.

“அம்மாகிட்ட சொல்லியிருக்கலாமே சித்தி.”

“என்னன்னு? இன்னும் ஒரு நாள் தாங்கியிருந்தா வந்திருப்பாருன்னா?”

அர்கிரோ மேசையோரத்தைத் துடைத்துவிட்டு அங்கேயே பதில் எழுதினாள். படகில். கதரீனா திருநாளன்று. சாட்சி என்று எழுதியபின் பேனா தயங்கியது. பிறகு சித்தியின் பெயரை எழுதினாள்.

உறையின் விளிம்பை நாக்கால் நனைத்தபோது இனித்தது. அழுத்தி ஒட்டினாள். துறைமுகத்துக்குக் கிளம்பிய பேருந்தின் ஓட்டுநர் அதை வாங்கி, கடலோடிகளைக் காக்கும் புனித நிக்கோலஸின் படத்துக்குப் பின்னால் செருகிக்கொண்டார்.